கொள்ளிடத்தில் கை நனையாத படலம்

வாழ்க லூர்துசாமி! கடலூர் முதுநகர் ஈன்ற கைவலியோனே, முப்பத்திரண்டு ஆண்டுகள் ஐஸ் கம்பெனியில் நீரைக் கட்டியாகவே கண்டு, கட்டியாகவே சுமந்து, கட்டியாகவே உடைத்துத் தள்ளிய உறைநீர்க் கூற்றுவனே, உருகிய நீரில் கணுக்காலுக்கு மேல் இறங்கியறியாத உலர்பாதப் பெருமானே, உச்சந்தலையில் விழுந்த மூன்று துளியே முத்தியின் திறவுகோல் என்று முழங்கும் துளிநீர்க் கொடியோனே, வாழ்க! உன் புகழ் பாடுமுன் காப்புச் சொல்ல ஒரு பெயரை அழைக்கலாமென்றால், எப்படி அழைத்தாலும் இரண்டு கட்சியில் ஒரு கட்சி கோபித்துக்கொள்ளும். ஆகையால், ஞானஸ்நானத்தில் தெளிக்கப்பட்டவரையும் முழுக்காட்டப்பட்டவரையும் இரண்டுமில்லாதவரையும் வேற்றுமை பாராமல் "உள்ள போ, உள்ள போ" என்று ஒரே குரலில் அருளிச்செய்யும் கடலூர் – சிதம்பரம் பஸ் கண்டக்டரை வணங்கித் தொடங்குகிறேன். அவர் மேல் யாருக்கும் வருத்தம் கிடையாது.

இனி எதிர்ப்படையின் தலைவியைக் கேளுங்கள். அவள் அயல்தேசத்து அரசியல்லள்; முப்பத்தைந்து ஆண்டுகளாக நம் வீரரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்த பொறுமைப் பெருங்கடல், அவருடைய இல்லத்தரசி சவரியம்மாள்தான். இரண்டு வருடம் முன்பு டைபாய்டு காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக் கத்தோலிக்கக் கோயிலிலிருந்து ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்; தெருக்கோடியில் கூரைக்கொட்டகையில் கூடும், ஆற்றில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் முழுக்குச் சபையின் பெண்களோ பதினோரு நாளும் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். கஞ்சி வந்த வழியே மனமும் போனது. 2009ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அவள் போர்முரசு கொட்டினாள்.

"தை மாசம் கொள்ளிடத்துல முழுக்கு எடுக்கப்போறேன். பாஸ்டர்கிட்ட பேரு குடுத்துட்டேன்."

நம் வீரர் கையிலிருந்த காப்பி டம்ளரை நங்கென்று தரையில் வைத்தார். திசை எட்டும் அதிர, பக்கத்து வீட்டு நாயும் எழுந்து உட்கார, அவர் முழங்கினார்: "மூணு மாசக் கொழந்தையிலயே உனக்கு ஆயிடுச்சேடி! தலையில தண்ணி ஊத்தினாங்களா இல்லியா?"

"ஊத்தினாங்க. என்னைய யாரு கேட்டாங்க? உங்களுக்குக் கட்டிக் குடுக்கறப்பவும் யாரும் கேக்கல. இந்த ஒண்ணையாவது என் வாயால சரின்னு சொல்லிட்டுச் செய்யறேன்."

இதற்கு மறுமொழி எந்தப் படைக்கொட்டிலிலும் இல்லை. ஆனால் மறுமொழி இல்லை என்பதற்காகப் போரை நிறுத்திய ஆண்மகன் உலகில் உண்டா? அன்று மூண்டது, சுவரோடு சுவர் மோதுவதுபோல் ஒரு மாதம் நீண்ட சொற்போர். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். முழு உடம்புக்கு மூணு சொட்டு போதும்" என்று அவர் பழமொழிக்கணை தொடுத்தார். "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குன்னு நானே கேக்கறேன், நீங்க என்ன துண்டப் போட்டு மூடறீங்க?" என்று அவள் எதிர்க்கணையால் அதை நடுவானில் முறித்தாள். பிறகு சொல்லாயுதம் அலுத்து, அவள் குழம்பாயுதம் எடுத்தாள். சனிக்கிழமை மதியம், வஞ்சிரமீன் மிதக்க, மாங்காய் மணக்க, தெருவே மூக்கை நீட்டும்படி கொதித்த குழம்பிலிருந்து கரண்டியின் நுனியால் மூன்றே சொட்டு எடுத்து அவர் சோற்றுமலையின் உச்சியில் தெளித்துவிட்டு, "போதும்ல?" என்றாள். கொள்கைக்காக உயிர் கொடுத்தோர் பலர். கொள்கைக்காக வெறுஞ்சோறு தின்றவர் நம் லூர்துசாமி ஒருவரே. மூன்று நாள் தின்றார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கென்று கேட்பீர்கள். துளியா, முழுக்கா என்ற ஆராய்ச்சியில் நம் வீரருக்கு உண்மையில் அக்கறை இல்லை. ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கண் சொருகிவிடும் பக்தர் அவர். அவருடைய அச்சம் வேறு. கோயில் கல்லறைத் தோட்டத்தில், புங்கமரத்து நிழலில், அவருடைய தாய் தந்தைக்குப் பக்கத்தில் இருவர் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அதில் ஒன்று தனக்கு, ஒன்று சவரியம்மாளுக்கு என்று அவர் மனசுக்குள் எப்போதோ பட்டா எழுதிவிட்டார். வேறு சபையில் முழுக்கு வாங்கியவர்களுக்குத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று கமிட்டிக்காரர் ஒருவர் டீக்கடையில் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகள் இரண்டும் வெளியூர். செத்த பிறகும் தான் தனியாகக் கிடக்கவேண்டுமா என்பதுதான் அவர் பயம். இதை மனைவியிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்ல வெட்கப்பட்டுத்தான் மனுஷர் ஒரு மாதம் வேதாந்தம் பேசினார்.

முழுக்கு நாளும் வந்தது. கடலூரிலேயே கடல் இருக்க, கொள்ளிடம் ஏன் என்றால், 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றவள் சவரியம்மாள். அன்றுமுதல் கடற்கரைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறினாலே மூச்சு அடைக்கும். அப்படிப்பட்டவள் தானாக ஆற்றில் இறங்கத் துணிந்தாள் என்றால், இந்தக் கதையில் யார் வீரர் என்ற சந்தேகம் எனக்கே அவ்வப்போது வருகிறது. ஆனாலும் வாழ்த்து ஒருவருக்குப் பாடியாகிவிட்டது, மாற்ற முடியாது.

அவள் சபையாரோடு வேனில் போனாள். நம் வீரர் அடுத்த பஸ்ஸில் பின்தொடர்ந்தார். அவருடைய சட்டைக்குள் ஒரு பேராயுதம் இருந்தது: சவரியம்மாள் பிறந்த ஊரான காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கோயிலுக்கு மூன்று முறை நடந்து, பழைய புத்தகத்தைப் புரட்டவைத்து, முத்திரையோடும் கையொப்பத்தோடும் வாங்கி, மஞ்சக்குப்பத்தில் லேமினேஷன் போட்ட 1955ஆம் ஆண்டு ஞானஸ்நான சர்டிபிகேட். "தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று லேமினேஷன் கடைக்காரர் உறுதி கொடுத்திருந்தார். மார்பில் கவசமாக அதை அணிந்து, சிதம்பரத்தில் பஸ் மாறி, வல்லம்படுகையில் இறங்கி, நாணற்புதர் மறைவில் நம் வீரர் பாசறை அமைத்தார். எறும்பு கடித்தது.

தை மாதத்துக் காலைப்பனி விலகாத கொள்ளிடம்! அதில் முதலை உண்டென்று கரையோர ஊர்க்காரர்கள் சொல்வதால், சபையின் ஆண்கள் நால்வர் மூங்கிற்கழியால் நீரை அடித்து அடித்துக் களம் காத்தனர். மார்பளவு நீரில், கண்ணாடியைக் கழற்றிக் கரையில் கொடுத்துவிட்டு, மங்கிய பார்வையோடு நின்றார் பாஸ்டர் ஆபிரகாம் பழனிவேல், மெலிந்த உடலும் நடுங்கும் தாடையும் நல்ல மனசும் உடையவர். கரையில் குடையூன்றி நின்றவளோ சாட்சிக்கண் நாச்சியார், சிஸ்டர் ஞானாம்பாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எள்ளளவு உலர்ந்திருந்தாலும் முழுக்கு செல்லாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அந்த எள்ளைக் கண்டுபிடிப்பது ஞானாம்பாளின் ஊழியம். அவளுக்கு அறுபத்தேழு வயது, இன்னும் கண்ணாடி போடவில்லை.

வெள்ளைச்சேலை உடுத்து, பற்கள் தந்தியடிக்க, சவரியம்மாள் இறங்கினாள். பாஸ்டர் மூவர் திருநாமமும் சொல்லி அவளைப் பின்னால் சாய்த்தார். தலை போனது, கால்கள் இரண்டும் தெப்பமாக மேலே வந்தன.

"கால் வெளிய தெரியுது பாஸ்டர்!" என்று கரை முழங்கியது.

மீண்டும் சாய்த்தார். இம்முறை கால் போனது, தலை போனது. பழைய அலையின் நினைவு வந்ததோ என்னவோ, வலது கை மட்டும் மின்னலெனப் பாய்ந்து பாஸ்டரின் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டு மேலேயே நின்றது.

"கை நனையல பாஸ்டர்!"

மூன்றாம் முறைக்கு அவள் மூச்சை இழுத்தபோது, நாணற்காடு பிளந்தது. எறும்பு கடித்த தடிப்புகள் விழுப்புண்ணாகச் சிவந்திருக்க, வலக்கையில் சர்டிபிகேட்டை உயர்த்தி, கழிகொண்டு நீரடித்த நால்வரும் திகைக்க, நம் வீரர் தோன்றினார்.

"நிறுத்துங்கய்யா! இவளுக்கு அம்பத்தஞ்சுலயே ஆயிடுச்சு! இதோ ரெக்கார்டு! சீலு, கையெழுத்து எல்லாம் இருக்குது!"

பாஸ்டர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அவருக்கு ரெக்கார்டும் தெரியவில்லை, அதைப் பிடித்திருந்த ஆளும் சரியாகத் தெரியவில்லை. "கொஞ்சம் கிட்ட கொண்டாங்கண்ணே" என்றார் மரியாதையாக.

அழைப்பு வந்தபின் பின்வாங்குவதோ? கணுக்கால் எல்லையைக் கடந்தார் உலர்பாதப் பெருமான். முழங்கால் கடந்தார். வேட்டி குடைபோல் விரிந்தது. இடுப்பும் கடந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது இந்த இடத்துக்குத்தான். அங்கே மணல் அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது. ஐம்பது கிலோ ஐஸ்பாரைத் தனியாகத் தூக்கிய அந்தத் தோளும், மீசையும், வழுக்கையும், ஒரு மாத வேதாந்தமும் ஒரே மூச்சில் உள்ளே போயின. வெளியே மிஞ்சியது சர்டிபிகேட் பிடித்த கை ஒன்றுதான்.

பழக்கதோஷத்தில் ஞானாம்பாள் கத்தினாள்: "கை நனையல பாஸ்டர்!"

கழிக்காரர் நால்வரும் திரும்புவதற்குள், பாஸ்டர் எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள், சவரியம்மாள் போய்விட்டாள். மூக்கைப் பிடிக்கவில்லை. யாருடைய காலரையும் பற்றவில்லை. கடலைக் கண்டு ஐந்து வருடம் நடுங்கியவள், கொண்டையும் கையும் காலும் ஒன்றும் மிஞ்சாமல் அந்தப் பள்ளத்துக்குள் முழுதாக முழுகினாள். மேலே வந்தபோது அவள் பிடியில் லூர்துசாமியின் சட்டை இருந்தது, சட்டைக்குள் லூர்துசாமியும் இருந்தார். கைநழுவிய சர்டிபிகேட் மட்டும் ஓர் எழுத்தும் கலையாமல் கிழக்கே கடலை நோக்கி மிதந்துபோனது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

உடனே கரையில் மகாசபை கூடியது. "முழுசா முழுகிட்டாங்க பாஸ்டர், நான் பாத்தேன்" என்றாள் ஞானாம்பாள். "திருநாம வார்த்தை சொல்லலியே சிஸ்டர், எப்படி ஒத்துக்கிறது?" என்றார் பாஸ்டர். வேதம் ஒருபுறம், வழக்கம் ஒருபுறம் என வாதம் வளர்ந்தது. அதைக் காதில் வாங்காத இருவர் மார்பளவு நீரில் நின்றார்கள். நம் வீரர் இருமி, தும்மி, மூக்கில் ஏறிய கொள்ளிடத்தை இறக்கிவிட்டு, கடைசியில் உள்ளதைக் கக்கினார்.

"நீ முழுகிட்டா நம்ம கல்லறையில உனக்கு எடம் குடுக்கமாட்டாங்களாம்டி. எங்க அம்மா அப்பா பக்கத்துல நான் ஒண்டியா கெடக்கணும். அதான்."

சவரியம்மாள் அவரையே பார்த்தாள். "இதுக்கா ஒரு மாசமா சொட்டு சொட்டுன்னு என் உசுர வாங்கினீங்க? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடிச் சொல்றது..."

"இப்ப சொன்ன மாதிரிதான். நல்லா கேட்டுக்குங்க. எடம் குடுத்தா அங்க. குடுக்கலன்னா ஊர் இடுகாடு இருக்குது, ரெண்டு பேரும் அங்க. எங்க இருந்தாலும் பக்கத்துல பக்கத்துலதான். நான் எங்கயும் போயிடமாட்டேன். ஆனா இன்னிக்கி நான் முழுகணும். என் வாயால சரின்னு சொல்லணும்."

இந்த இடத்தில் எனக்குக் காவிய நடை வரவில்லை. துளிநீர்க் கொடியோன் தன் கொடியைச் சுருட்டினார். ஈர மீசையைத் துடைத்துக்கொண்டு கரைப்பக்கம் திரும்பி, தம் வாழ்நாளின் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டார்.

"பாஸ்டரு, வார்த்தைய சொல்லுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

பாஸ்டர் சம்மதமா என்று கேட்டார், அவள் "சரி" என்றாள், மூன்று கிராமத்துக்குக் கேட்கும்படி. திருநாமங்கள் ஒலித்தன. தலை போனது, கால் போனது, தோள் போனது. இடது கை மட்டும் நீருக்கு மேலே இருந்தது, ஏனென்றால் லூர்துசாமி அதை விடவில்லை.

"கை..." என்று ஞானாம்பாள் வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டு தூரத்தில் தெரிந்த ரயில் பாலத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை இரண்டு பேருக்கும் சளி பிடித்து, கொதிக்கிற தண்ணீரில் நொச்சி இலை போட்டு, ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடித்தார்கள்.