முருகேசனுக்கு நான் சொன்ன புத்திமதி

என் வாழ்க்கையில் நான் பேசிய முதல் நல்ல மேடைப் பேச்சைக் கஞ்சா போதையில்தான் பேசினேன். இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். மானத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அது அன்றைக்கே போய்விட்டது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அளவு ஒரு மயிரிழை கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஷிப்ட் முடிந்து கஞ்சா உள்ளே போனால் அந்தக் கறாரெல்லாம் காணாமல் போகும். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அதை யாரிடமும் சொல்ல முடியாத பயத்தைப் போக்கத்தான் முதலில் கஞ்சாவைத் தொட்டேன். பயம் போகும்போது ஆணுறை ஞாபகமும் கூடவே போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பர்ஸில் ஆணுறை இருக்கும். மறுநாள் காலையிலும் அப்படியே, மடிப்புக் கலையாமல் இருக்கும்.

அப்போதுதான் பிரபு வந்தான். பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை. வீட்டில் தெலுங்கு, பண்ணையில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்று மொழியிலும் பொய் சொல்லத் தெரியாதவன். ஒரே அறையில் சேர்ந்து இருக்கலாம் என்று முடிவானதும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கலாம்டா. எனக்கு அடுத்த வாரந்தான் லீவு. நீ மொதல்ல போய்ட்டு வா."

ஏதாவது இருந்தால் பிரபு போய்விடுவான். அப்படி ஒருத்தன் இனி எனக்குக் கிடைக்கவும் மாட்டான்.

ஓசூரில் போனால் கம்பெனிக்காரன் எவனாவது எதிரே வருவான் என்று கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மையம் அங்கே இருந்தது. சொந்தப் பேர் சொல்ல வேண்டியதில்லை என்று கேள்வி. (பயத்துக்கு வழக்கமான மருந்தை பஸ் ஏறும் முன்பே எடுத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்கு.)

கவுன்சலர் ஸ்டெல்லா மேடம் தர்மபுரிக்காரர். "பேரு என்னங்க?" என்றார். "முருகேசன்" என்றேன். எங்கள் வம்சத்திலேயே அப்படி ஒரு ஆள் கிடையாது, வாயில் வந்தது.

"ஆம்பளைங்களோடயா, பொம்பளைங்களோடயா, ரெண்டுமாங்க?"

டீயா காபியா என்று கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கேள்வியை முகம் சுளிக்காமல் கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொன்னேன்.

"போதைப் பழக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"சேச்சே, இல்லீங்க மேடம்" என்றேன், செக்கச்செவேல் என்ற கண்ணோடு. அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். வெளியே உட்காரச் சொன்னார்கள்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "முருகேசன்." யாரும் எழவில்லை. "முருகேசன் இருக்கீங்களா?" அப்போதும் யாரும் எழவில்லை. யாரோ ஒரு பாவப்பட்டவன் பயத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு இரக்கம் பொங்கியது. எழுந்து நின்றேன்.

"இங்க யாருங்க முருகேசன்? பயப்படாதீங்க. ஆம்பளைய ஆம்பள விரும்பறது வியாதி கெடையாது. வியாதின்னு எதாச்சும் வந்தா அதுக்கு மருந்து இருக்குது. ரிசல்ட் வாங்காம ஓடிப்போனா, உங்கள நம்பி ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவனுக்கு என்னா பதில் சொல்லுவீங்க? எழுந்திரிங்க முருகேசன்."

மூலையில் இருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் கை தட்டினார்கள். ஸ்டெல்லா மேடம் கதவருகே நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுனீங்க. இப்ப உள்ள வாங்க முருகேசன்" என்றார்.

கூடமே சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று பார்த்தேன். கிருஷ்ணகிரி பாறை பூமி, அவ்வளவு சுலபத்தில் பிளக்காது.

"எச்.ஐ.வி. இல்லீங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொருவாட்டி பாத்துக்கணும். ஆனா சிபிலிஸ் இருக்குது. ஊசி போட்டா சரியாயிரும். உங்க கூட இருக்கறவரும் வந்து பாக்கணும்" என்றார். பிறகு, "கஞ்சாவுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"ஆணுறை மறந்ததெல்லாம் அது அடிச்ச அன்னிக்குங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை விடாமல் அப்படித்தான். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் மெஷினைப் பார் என்று தினமும் எழுதிக் கொடுக்கிறவன் நான். என் விஷயத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு மேடம் தேவைப்பட்டார். அவர் திட்டவில்லை. "விடறதுக்கு உதவி வேணும்னா வாங்க. பொய் சொல்லாம வாங்க" என்றார்.

பின்புறம் இரண்டு பக்கமும் ஊசி. ஓசூர் வரை நின்றுகொண்டே வந்தேன். "சீட்டு காலியாத்தான கெடக்குது, உக்காரேம்ப்பா" என்று கண்டக்டர் மூன்று முறை சொன்னார்.

பிரபுவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முருகேசனையும் சேர்த்து. அவன் எழுந்து நின்றான். துணியை எடுத்துப் பைக்குள் வைக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"அந்த முருகேசன்கிட்ட சொன்னியே, அத எங்கிட்ட ஒருவாட்டி சொல்லு" என்றான்.

போதையில்லாமல் அதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. குரல் உடைந்து, பாதியில் நின்று, மூக்கைச் சிந்தி. பிரபு கையை விடாமல் கேட்டான். அடுத்த வாரம் அவன் மையத்துக்குப் போய்ப் பேர், அப்பா பேர், ரேஷன் கடை வரை சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வந்தான்.

கஞ்சாவை விட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கூடத்தில், புதிதாக வருகிறவர்களிடம் அதே பேச்சைப் பேச ஆரம்பித்தேன். தெளிவாக இருக்கும்போதும் எனக்கு நன்றாகவே பேச வருகிறது.

அன்றிலிருந்து வீட்டில் பிரபு என்னை முருகேசன் என்றுதான் கூப்பிடுகிறான். எங்களைப் பற்றித் தெரிந்த அவன் அக்கா, அதுதான் என் பேர் என்றே நம்பிவிட்டார். போன வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன்கள் வரிசையில், மற்ற மாமன்களின் பக்கத்தில் அவரவர் மனைவி பேர். பிரபுவின் பக்கத்தில் முருகேசன்.

"பேரு தப்பா இருக்குதேடா, அக்காகிட்ட சொல்லி மாத்தச் சொல்லவா?" என்றான் பிரபு.

"ஒரு எழுத்த தொட்டீன்னா கொன்னுருவேன்" என்றேன்.