சேத்துப்பட்டு மாப்பிள்ளையின் கருப்பொருள்

நாவல் படிப்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவர்களை மாப்பிள்ளை விசாரிக்க அனுப்பக் கூடாது. இதை நான் யார்மேலோ பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அப்படி அனுப்பப்பட்டவளே நான்தான்.

அப்போது நான் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூத்தவர்கள் யாரும் தொட விரும்பாத 'நவீன அமெரிக்கப் புனைவு' என்ற தாளை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு நாவல். (பெயர் வேண்டாம், எழுதியவர் பாவம்.) அதன் நாயகன் சின்ன ஊரில் பெரிய வீட்டில் இருப்பான். யாரோடும் பேச மாட்டான். ஃபிரிட்ஜைத் திறப்பான், உள்ளே வெறித்துப் பார்ப்பான், ஒன்றும் எடுக்காமல் மூடுவான். காரில் ஏறி உட்காருவான், எங்கேயும் போக மாட்டான். வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். கடைசியில் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"கதாபாத்திரம் பேசுவதைக் கேட்காதீர்கள், பேசாததைக் கேளுங்கள். வீட்டிலுள்ள பொருட்களைப் பாருங்கள். கருப்பொருள் அங்கேதான் ஒளிந்திருக்கும்" என்று நான் முழங்குவேன். படவேட்டிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது வியப்பு இல்லை, கொட்டாவி என்று பிறகுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில் என் தங்கை திவ்யாவுக்குச் சேத்துப்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. (எனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கு வந்த வரன்களிடம் எல்லாம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டுத் துரத்தியது தனிக் கதை.) பையன் பெயர் பிரபு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், சனி ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வரச் சொல்வதற்கு முன்னால் யாராவது ஒருவர் பையனின் ஊருக்குப் போய், சத்தம் போடாமல் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வர வேண்டும். போவது பெண்ணுக்குத் தெரியக் கூடாது. எப்போதும் போகும் பெரியப்பா அந்த வாரம் காலில் கட்டோடு படுத்திருந்தார்.

"நான் போறேன்ப்பா. மனுஷங்களப் படிக்கறதுதான் என் வேலையே" என்றேன்.

பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு பெரிய பையில் புடவைகளை அடுக்கிக் கொடுத்தார். "ஆரணியிலேர்ந்து பொடவ எடுத்துகினு வந்தா எந்தத் தெருவுலயும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பக்கத்து ஊட்ல ஒக்காந்து நாலு வார்த்த பேசிட்டு ஜல்தியா வந்துடு. பையன் ஊட்டுக்குள்ள மட்டும் கால வெச்சிடாத."

சனிக்கிழமை காலையில் சேத்துப்பட்டில் இறங்கினேன். பையனின் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் ஒரு நாய் இருந்தது, அதற்குப் பட்டில் ஆர்வமில்லை. என்ன செய்வதென்று தெருவில் நின்று முழித்தபோது, பையன் வீட்டு வாசலிலிருந்தே குரல் வந்தது.

"ஏ பாப்பா! பட்டா? இந்த வெயில்ல பையத் தூக்கிகினு நிக்கிறியே, உள்ள வா. மோர் குடி."

பையனின் அம்மா! நான் ஓடிவந்திருக்க வேண்டும். ஆனால் நாவலாசிரியரே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டால் எந்த விமர்சகர் ஓடுவார்? உள்ளே போய்ப் புடவைகளை விரித்தேன். விரித்த கையோடு என் ஆராய்ச்சியும் தொடங்கிவிட்டது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள். ஒன்றில் மட்டும் யாரும் உட்கார முடியாதபடி துணிகள் குவிந்திருந்தன. (காலியான இருக்கை! அப்பாவின் இல்லாமை!) "ஐயா இல்லீங்களா?" என்று கேட்டேன். "அவரு படவேடு கோயிலுக்குப் போயிருக்காரு" என்றார் அந்த அம்மா. கூடத்தின் ஓரத்தில் ஓர் அறை, அதில் கைமுட்டி அளவுக்குப் பூட்டு. என் மயிர்க்கால்கள் எல்லாம் எழுந்து நின்றன.

அப்போது பிரபு வந்தான். லுங்கியும் டீ-ஷர்ட்டுமாக இருந்தான்.

"டேய், இந்த அரக்கு நல்லா இருக்குதா, பச்ச நல்லா இருக்குதா?" என்று அம்மா கேட்டார்.

அவன் புடவையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். நேராக ஃபிரிட்ஜுக்குப் போனான். திறந்தான். தலையை உள்ளே விட்டபடி அப்படியே நின்றான். தோள்கள் லேசாக நடுங்கின. ஒன்றுமே எடுக்காமல் மூடினான். பின்பக்கமாக வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகையில் நின்ற காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டான். வண்டி நகரவே இல்லை.

நான் வகுப்பில் நடத்திய அத்தியாயம் அப்படியே சேத்துப்பட்டில் நடக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போனது. அந்த நடுக்கத்தில் விலை பேசவும் வரவில்லை. அந்த அம்மா கேட்ட விலைக்கே அரக்குப் புடவையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே கவலை. திவ்யா ஒரு நிமிடம் பேசாமல் இருக்க மாட்டாள். அவளைப் போய் இந்த மனிதன் கையில் கொடுப்பதா? கடைசி அத்தியாயத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்குவது கண்முன்னால் வந்தது. என் தங்கைமேல் எனக்கு உயிர். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டேதான் வந்தேன்.

சாயங்காலம் அப்பா, அம்மா எதிரில் அறிக்கை வாசித்தேன். திவ்யா சமையலறையில் இருந்தாள். இனி ரகசியம் எதற்கு, அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினேன்.

"பையன் குடிக்கிறானா?" என்றார் அப்பா.

"அப்பிடி இருந்தாக்கூடப் பரவால்லப்பா. அவன் தனிமையில இருக்கான்."

"இன்னாது தனிமை? அதான் அப்பா அம்மா கூட இருக்காங்களே?"

"இருந்தும் தனிமைப்பா. அந்த வீட்டோட கருப்பொருளே அதான். நாற்காலியில துணி குவிஞ்சி கெடக்குது."

"நம்ம ஊட்லயும்தான்டி கெடக்குது" என்று அம்மா கைகாட்டினார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபிரிட்ஜைச் சொன்னேன், காரைச் சொன்னேன். கடைசியாகக் குரலைத் தாழ்த்திப் பூட்டிய அறையைச் சொன்னேன்.

அப்பாவுக்கு மற்ற எதுவும் விளங்கவில்லை, பூட்டு மட்டும் விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் திவ்யா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். தோள் குலுங்கியது.

"அழாத திவ்யா, நல்ல வேளையா முன்னாடியே தெரிஞ்சிது" என்று அவளை அணைத்துக்கொண்டேன். அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

"பேஜாராப் போச்சு. இந்த எடமே வேணாம்" என்று அப்பா தரகருக்குப் போன் போட்டார்.

குலுங்கல் சட்டென்று நின்றது. என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள். இப்போதுதான் அவள் கண்ணில் உண்மையான தண்ணீர் வந்தது.

"அப்பா, போன வைங்கப்பா! அவரு கார்ல சும்மா ஒக்காந்துகினு இல்லப்பா, எங்கிட்டதான் பேசிகினு இருந்தாரு! 'உங்க அக்கா எங்க ஊட்ல பொடவ வித்துகினு இருக்காங்க, எங்கம்மா பேரம் பேசிகினு இருக்குது, நான் இன்னா பண்றது'ன்னு கேட்டாரு!"

போனில் தரகர் மட்டும் "அலோ, அலோ" என்றுகொண்டிருந்தார்.

"என்னை எப்படி அவருக்குத் தெரியும்?" என்றேன்.

"நம்ம குடும்ப போட்டோவ அனுப்பி வெச்சிருந்தேன்."

"ஃபிரிட்ஜு?" என்று இழுத்தேன்.

"சிரிப்பு அடங்கலையாம்க்கா. மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது? அதான் ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிகினாராம்."

அப்பா அவளையே பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் பையனோடு பேசுவது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் போட்டு உடைத்துவிட்டாள், அந்தச் சம்பந்தம் கைநழுவாமல் இருந்தால் போதுமென்று. எனக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

"நம்பர் யார் குடுத்தது?" என்றார் அப்பா.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "நாள பின்ன குடும்பம் நடத்தப் போறது அவளா நீங்களா? பேசிப் பாக்காம எப்பிடிங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப இந்த ஊட்ல எனக்கும் எம்.ஏ. படிச்சவளுக்கும்தான் ஒண்ணுந்தெரியல." போனைக் காதில் வைத்தார். "ஒண்ணுமில்லீங்க, நாளைக்கி எத்தினி பேர் வராங்கன்னு கேக்கலாம்னுதான் கூப்ட்டேன்."

ஆனாலும் படுக்கப் போகும்போது, "அந்தப் பூட்டு ரூம்பு இன்னாவா இருக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே போனார். அது திவ்யாவுக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா அரக்குப் புடவையில் ஜம்மென்று இறங்கினார். நான் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அந்தப் பட்டுக்காரப் பொண்ணு எங்க? நேத்து வெலையக் கொறச்சிக் குடுத்துட்டுதே, அவங்கப்பா திட்டலையா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. திவ்யா என் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள். அன்று பெண் பார்க்கப்பட்டது யார் என்றே சந்தேகம் வரும்படி எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காது இரண்டும் எரிந்தன.

"வா பாப்பா" என்றார் அந்த அம்மா. "எங்க ஊட்டு ரூம்புல இன்னா இருக்குதுன்னு பயந்துட்டியாமே. காலையில கெளம்பறதுக்கு முன்னாடியே பையன் எல்லாத்தியும் சொன்னான். கண்ணால பாத்துக்கோ." கணவருக்குக் கண் காட்டினார். அவர் வண்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி வந்து, என் காலடியில் இறக்கி, வாயைப் பிரித்தார்.

மல்லாட்டை. (நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) நிலத்தில் விளைந்தது, விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"பெருச்சாளித் தொல்ல தாங்கலம்மா, அதான் பூட்டு" என்றார் அவர், மன்னிப்புக் கேட்பவர் மாதிரி.

அப்பாதான் முதலில் சிரித்தார். மனுஷர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிரபு எழுந்து சுற்றும்முற்றும் பார்த்து, "ஃபிரிட்ஜு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டான். அதற்குப் பிறகு பெண் பிடித்திருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. திவ்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வருகிறாள், கணவனையும் கூடவே கூட்டிக்கொண்டு. அவன் வந்ததும் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் எனக்கு வணக்கம் சொல்வான். நான் இன்னும் அதே நாவலைத்தான் நடத்துகிறேன். அந்த ஃபிரிட்ஜுப் பகுதி வரும்போது மட்டும், "நாயகன் ஒருவேளை சிரிப்பை அடக்கிக்கொண்டும் நிற்கலாம்" என்று சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இப்போது கொட்டாவி விடுவதில்லை.

ஒவ்வோர் அறுவடைக்கும் சேத்துப்பட்டிலிருந்து ஒரு மூட்டை வந்துவிடும், மேலே என் பெயரோடு. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்போது யாரும் அதை மல்லாட்டை என்று சொல்வதில்லை. போன வாரம்கூட அடுப்படியிலிருந்து திவ்யா கூப்பிட்டாள்: "அக்கா, கருப்பொருள் வெந்துடுச்சி. ஆறிடப் போவுது, ஜல்தியா வா."