நூல் தெரியும் ராக்கெட்

ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பழைய விண்வெளிப் படப் பித்தன். கறுப்பு வெள்ளையில் ஒரு தகர ராக்கெட் புகை கக்கிக்கொண்டு சந்திரனுக்குக் கிளம்பினால் சோற்றை மறப்பான்; எதற்கென்றே தெரியாமல் மினுங்கும் மின்குமிழ்களையும், கண்ணாடித் தலைக்கவசத்துக்குள் மீசை கலையாத கப்டனையும், ரப்பர் பூதம் தன் வாலிலேயே தடுக்கி விழுவதையும் ஏழாந்தடவையும் வாய் பிளந்து பார்ப்பான். புதுப் படமா? "எல்லாம் கணினி வேலை" என்று முகத்தைச் சுளிப்பான்.

இந்த இனத்தில் ஒருவன் எனக்கு நெருங்கிய பழக்கம். தினமும் காலையில் கண்ணாடி பார்த்து அவனுக்குத்தான் சவரம் செய்கிறேன்.

வாசம் லண்டனில். வாப்பா மௌத்தான துக்கத்துக்கு இலங்கையில் சொந்த ஊரான எத்தாளைக்குப் போனவன், பிறகு ஒன்பது வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. லீவு இல்லை, முழங்கால் சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம். இந்த நிலையில், அண்ணனை 'நானா' என்றழைக்கும் தங்கை ஜுமானாவுக்கு நிக்காஹ் குறித்தார்கள். வாப்பாவின் இடத்தில் இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுக்கவேண்டிய வலிகாரன் நான்தான்.

"வேற ஆளுக்கு போன்ல பொறுப்புக் குடுத்தாச் சரிதானே?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சை மாற்றுவோமென்று வீடியோ அழைப்பிலேயே அந்தச் சந்திரன் படத்தைப் போட்டுக் காட்டினேன்.

"நானா, ராக்கெட்டுல நூல் தெரியுது."

"அதுதானே அழகு! மேல யாரோ புடிச்சிட்டு இரிக்காங்க. விழாது."

"ஓ... பிளேன்ல நூல் இல்லையெண்டுதான் நீங்க வாறல்லயா?"

நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவள் திரையில் இருந்தாள்.

"சந்திரனுக்குப் போனவன் ஒண்டர மணித்தியாலத்துல ஊட்டுக்கு வந்துட்டான். ஒங்களுக்கு ஒம்பது வருசம். நீங்க வராம எனக்கு நிக்காஹ் இல்ல நானா."

வந்தேன். பதினொரு மணித்தியாலமும் இருக்கையின் கைப்பிடியை விடவில்லை; அது பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டு என்று தரையிறங்கியபிறகுதான் தெரிந்தது. நிக்காஹ் சபையில் மாப்பிள்ளை ஸப்வானின் கையையும் அப்படியே பிடித்திருக்கிறேன் போலும். எல்லாம் ஓதி முடிந்து, அபூசாலி மாமா என் தோளைத் தட்டினார்.

"மகன், கைய உடுங்க. மாப்புள பறந்து போகமாட்டார்."

சபை முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பில் ஜுமானாவின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

இப்போது எத்தாளைக் கடற்கரையில் இருக்கிறேன். திரும்பிப் போகும் டிக்கெட் சட்டைப்பையில். மேலே ஒரு விமானம் போகிறது. அண்ணாந்து நூலைத் தேடுகிறேன்.

சிரிக்காதீர்கள். போன தடவை விமானம் மேலெழும்பியபோது முன் இருக்கையை இறுக்கிப் பிடித்தீர்களே, அது எதைத் தாங்கிப் பிடிக்க?