பாறசாலையில் கரண்டி தொடுவதில்லை

விமானம் திருவனந்தபுரத்தில் இறங்குவதற்கு முன்பே தீர்மானம் போட்டுவிட்டேன். பாறசாலை மண்ணில் கால் வைத்தது முதல், லீவு முடிந்து திரும்பி விமானம் ஏறும் வரை, கரண்டியைத் தொடுவதில்லை. கரண்டி மட்டுமல்ல. சட்டி, பானை, துடைப்பம், துணி காயப்போடும் கிளிப்பு, எதையும்.

இந்தத் தீர்மானத்தின் கனம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அயர்லாந்தில் என் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி ஜெஸி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போனவன். பகலில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறேன். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் அடுக்களை. அடுக்குவதும் அடுக்களையுமாகப் போகிறது பிழைப்பு. அந்த நாட்டில் கரண்டு போகாது. என் கையைவிட்டுக் கரண்டியும் போகாது. பெயர்தான் அயர்லாந்து. அயர்ந்து உட்கார ஒரு நிமிஷம் கிடையாது.

போன புதிதில் எனக்கும் ரோஷம் இருந்தது. பக்கத்து வீட்டு பாட்ரிக் ஆறடி ஆள், புஜத்தில் பாம்பு பச்சை குத்தியவன். அவன் தன் மனைவியின் உடுப்புகளைக் கொடியில் காயப்போடுவதைப் பார்த்து மனம் இளகி, வேலியருகே போய், “மனைவிக்கு உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தேன். “நல்லாத்தானே இருக்கிறாள், ஏன்?” என்றான். அன்று மாலையே விஷயம் ஜெஸியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் முதல் வேலிக்கு அந்தப் பக்கம் பாட்ரிக், இந்தப் பக்கம் நான். மழை வருமா வராதா என்று கலந்து பேசித்தான் இருவரும் துணி விரிக்கிறோம்.

அங்கே இதெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. ஊர் அப்படியா? ஊரில் என் அண்ணன் ராஜையா இருக்கிறார். தண்ணீர் சுட வேண்டுமானால் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்பதே அவருக்குக் கேள்வி ஞானம்தான். அவருடைய மகள் சுமிக்குக் கல்யாணப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, நாலு வார்த்தை கனமாகப் பேச வேண்டிய சித்தப்பா நான். அதற்கென்றே நீலக் கோட்டு ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

விமானத்திலேயே ஜெஸியிடம் பேசிவிட்டேன்.

“இஞ்ச பாரு, ஊருல நான் அடுக்களைப் பக்கம் வரமாட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய மனுசனா மதிக்கமாட்டாரு.”

“செரி.”

“செரின்னா?”

“செரின்னா செரி. ஊருல அடுக்களை எனக்கதாக்கும். நீங்க அங்கோட்டு எட்டிக்கூடப் பாக்கப்பிடாது. வாக்கு?”

“வாக்கு.”

ஒரு தர்க்கம் இல்லை. ஒரு முறைப்பு இல்லை. கல்யாணமாகிப் பல வருஷமான எந்தப் புருஷனும் அங்கேயே நடுங்கியிருக்க வேண்டும். நான் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் குடித்தேன்.

முதல் சோதனை அன்று மாலையே வந்தது. அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தேன். எழுந்தேன். என் தட்டை எடுத்தேன், அண்ணனின் தட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன், மிச்ச எலும்புகளை ஒரே இழுப்பில் வழித்து ஒதுக்கினேன். எல்லாம் கை செய்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“எங்கோட்டுலே போற, தட்டும் கொண்டு?” என்றார் அண்ணன்.

“கை கழுவண்ணா.”

“தட்டோடயா?”

ஜெஸி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். தட்டுகள் கீழே விழுந்து உடைந்தன. அண்ணன் சமாதானமாகிவிட்டார். தட்டை உடைக்கிறவன் ஆண்பிள்ளைதான் என்பது அவருடைய கட்சி. ஆனால் அப்போதே ஒன்று சொன்னார்: “இந்தக் காலத்துப் பயலுவ வெளிநாடு போயி பெண்டாட்டிக்கு மீன் களுவிக் குடுக்கானுவளாம். மீன் களுவுனவனைச் சபையில இருத்தினா, சபையே நாறாதாலே?”

“நாறும்ணா,” என்றேன். என் விரல்களை மெல்ல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணனையும் அவர் மனைவி கிருபாபாய் மைனியையும், ஊரில் எங்களுக்கிருந்த வீட்டுக்கு ஜெஸி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. “எனக்க அடுக்களை, எனக்க விருந்து,” என்றாள். காலையிலேயே பனச்சமூடு சந்தைக்குப் போய் நெய்மீன் வாங்கி வந்தாள். மீன்கறி, மரச்சீனிக் கிழங்கு மசியல், பயறு தோரன். நான் முன்னறையில் வேட்டியை மடித்துக் கட்டி, மீசையை முறுக்கி, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தேன். வாழ்க்கையில் இப்படி ஒரு சுகத்தை நான் கண்டதே இல்லை. அது கால் மணி நேரம் நீடித்தது.

முதலில் மிக்ஸிச் சத்தம் நின்றது. தேங்காய் அரைபடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அது இன்னும் பாதிகூட அரைபடவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தேன். அண்ணன் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வாசனை வந்தது. வெங்காயம், எங்கள் பாஷையில் உள்ளி, கரிகிற வாசனை.

“...பையனும் நர்சாக்கும். நெய்யாற்றின்கரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. கேக்குதியாலே?”

“கேக்குதேன். கரியுது. இல்ல... செரிதான்னு சொன்னேன்.”

ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான்? நெய்மீன் கிலோவுக்கு என்ன விலை! எழுந்துவிட்டேன். “பாத்ரூம் போயிட்டு வாறேண்ணா.”

அடுக்களையில் ஜெஸி ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கரியுது?” என்றேன் கிசுகிசுப்பாக.

“உள்ளி.”

“அது எனக்குத் தெரியும். ஏன் கரியுது?”

“நான் அடுப்பு பத்த வச்சு எத்தர வருசமாச்சு? கை மறந்து போச்சு. நீங்க எதுக்கு இஞ்ச வந்தீங்க? வாக்குத் தந்ததுதானே?”

“மீனை என்ன செய்யப் போற?”

“எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வேவ விடுவேன். வெந்தா கறி. வேகல்லேன்னா அண்ணனுக்க விதி.”

அவள் நிஜமாகவே மீன் சட்டியை நோக்கிக் கை நீட்டினாள். நான் பாய்ந்து தடுத்தேன். அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். மீன் கழுவித் துண்டு போட்டாயிற்று. மாங்காய் ஒரே அளவில் நறுக்கியாயிற்று. புளி ஊறுகிறது. வேறு சின்ன உள்ளி உரித்துத் தனியாக இருக்கிறது. கரிந்தது ஓரத்தில் ஒரு சின்னச் சட்டியில் ஒரு பிடி உள்ளி மட்டும்தான். மற்ற எல்லாம் ஒழுங்காக, எனக்காகக் காத்திருந்தன.

யோசிக்க நேரமில்லை. தேங்காயை மறுபடி மிக்ஸியில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் எத்தனை முறை பாத்ரூம் போனேன் என்று அண்ணன்தான் எண்ணியிருக்க வேண்டும். அரைப்பைச் சட்டியில் ஊற்ற ஒரு முறை. கொதி வந்ததா பார்க்க ஒரு முறை. மரச்சீனியை மசிக்க ஒரு முறை. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, வியர்த்துப்போய்த் திரும்பினேன்.

“லேய்,” என்றார் அண்ணன் கவலையாக, “உனக்கு சுகர் உண்டா?”

“அங்க குளிருல்லா அண்ணா. அந்தப் பழக்கம்.”

அடுத்த முறை மீனைச் சட்டியில் இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால், அதுவரை திண்ணையில் இருந்த மைனியின் குரல். “ஜெஸி, ஒத்தாசைக்கு நான் வரட்டா மக்ளே?”

என் இருதயம் கொதிக்கிற குழம்புக்குள் விழுந்தது. ஆனால் ஜெஸிக்கு நர்ஸ் கையல்லவா! வலிக்காமல் ஊசி போடுகிற கை. என் கையிலிருந்த கரண்டி எப்போது அவள் கைக்குப் போனதென்று எனக்கே தெரியாது. தன் ஷாலால் என் நெற்றி வியர்வையைத் துடைத்து, அதே ஷாலால் தன் நெற்றியையும் துடைத்து, பெருமூச்சு விட்டாள்.

மைனி என்னைப் பார்த்தாள். “பெண்ணு வெந்து சாகுத இடத்துல உனக்கென்ன காரியம்? பாத்ரூம் போறேன்னுல்லா வந்தே?”

“போயிட்டு வாற வழி மைனி.”

“வழி அந்தப் பக்கமாக்கும்.”

வெளியே வந்தேன். மைனி அடுக்களையிலேயே நின்றுவிட்டாள். சட்டியில் மீன். தீ முழு வேகத்தில். இன்னும் ரெண்டு நிமிஷம் இப்படியே கொதித்தால் மீன் கரைந்து கஞ்சியாகிவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு வீடு கேட்கும்படி அண்ணனிடம் சொன்னேன்:

“அண்ணா! எங்க சூப்பர்வைசர் எப்பவும் சொல்லுவாரு, சூடு ஏறிப்போச்சுன்னா உடனே குறைக்கணும்!”

அடுக்களையில் அடுப்புக் குமிழ் திரும்பும் ‘டிக்’ சத்தம் கேட்டது.

“எதுக்குலே சத்தம் போடுதே? நான் இஞ்சதானே இருக்கேன்?”

“சும்மா கிண்டிக்கிட்டே இருக்கப்பிடாது! உடைஞ்சு போவும்! சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினா போதும்!”

“யாரை?”

“வேலைக்காரங்களை அண்ணா!”

சாப்பாடு பரிமாறப்பட்டது. அண்ணன் ஒரு துண்டு மீனைப் பிட்டு, சாறில் தோய்த்து, வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். உப்புப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஜெஸி தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து நின்றாள். அந்த அடக்கத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“மக்கா,” என்றார் அண்ணன் கண்ணைத் திறந்து, “இந்த மாதிரி ஒரு கறி இந்தக் குடும்பத்துல ஒருத்தியும் வச்சதில்ல.”

மைனி கோபப்படவில்லை. “உள்ளதுதான்,” என்றாள். “ஆசுபத்திரியில நின்னு களைச்ச கை. இருந்தும் என்ன பக்குவம் பாத்தியளா?” பிறகு என் பக்கம் திரும்பி, நான் பாடுபட்டு மசித்த மரச்சீனியை என் தட்டிலிருந்து அப்படியே வழித்தெடுத்தாள். “சுகர்காரனுக்கு இது வேண்டாம். பயறு தின்னு.”

நான் பயறு தின்றேன்.

“அப்ப ஞாயிறாச்ச என்ன செய்யலாம்?” என்றார் அண்ணன். “முப்பது பேரு வாறாங்க. சமையலுக்கு ஆளைச் சொல்லலாம்னு இருந்தேன். இந்தக் கறி தின்ன பெறவு மனசு வரல்ல. ஜெஸி, ஒனக்குப் பாடா இருக்குமா மக்கா?”

எனக்கு இருமல் வந்தது. பலமாக இருமினேன். கண்ணால் ஜாடை காட்டினேன். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினேன்.

“என்ன பாடு அண்ணா?” என்றாள் ஜெஸி. “நம்ம சுமிக்கில்லியா? இஞ்சயே காலத்தே எந்திரிச்சு எல்லாம் ஆக்கி, பத்து மணிக்கு முன்னால அங்க கொண்டு வந்திருவேன். பெறவு நான் சும்மாதான் இருப்பேன்.”

“சும்மா எதுக்கு இருக்க? நீ எனக்குப் பக்கத்துல வந்து இரி. மாப்பிள்ளைக்கு அயர்லாந்து போவணும்னுதான் ஆசை. பரீட்சை, விசா, டியூட்டி, இதெல்லாம் நீ பேசுனாத்தான் எடுபடும்.”

“அண்ணா, அந்த நாற்காலி...” என்றேன். “நான் கோட்டுகூட வாங்கி...”

“நீ எங்கலே இருப்பே? ஒரு இடத்துல பத்து நிமிசம் இருக்கியா? வாற ஆளுவ முன்னால எந்திரிச்சு எந்திரிச்சு ஓடினா நமக்கல்லவா கொறச்சல்? நீ பின்னால நில்லு. பந்திக்கு விளம்பு.” கை கழுவ எழுந்தவர், ஏதோ சந்தேகம் வந்ததுபோல் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “விளம்பவாவது தெரியுமாலே ஒனக்கு?”

“நான் படிப்பிச்சுக் குடுக்கேன் அண்ணா,” என்றாள் ஜெஸி.