குதிரைக்குப் பெயர் இருந்தது

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பியர்பொன்ட்ஸ் ஊரில் பெயரக்காவிடம் பேச்சு வாங்காத ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் யாராவது வாய் தவறி "என்ர மனிசி" என்றால் போதும், றோல்ஸ் தட்டோடு வந்து முன்னால் நிற்பார்.

"மனிசிக்குப் பேரில்லையோ?"

பெயரைச் சொன்ன பிறகுதான் றோல்ஸ் கிடைக்கும். அதனால்தான் அவருக்குப் பெயரக்கா என்று பட்டம்.

எல்லாம் பழைய பத்திரிகைகளால் வந்த வினை. கார்டெரிக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையை விட்ட பிறகு, வெள்ளைக்காரன் காலத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகளைக் கணினியில் தேடித் தேடி வாசித்தார். வாசித்ததை நேற்று நடந்ததுபோல் சொல்வார். ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன்.

"ஒரு முதலியார் செத்துப்போனார். பேப்பரிலை அவற்ரை குதிரைக்கும் பேர் போட்டிருக்கு. மனிசிக்கு? இவருக்கு ஒரு மனைவியும் உண்டாம். அவ்வளவுதான்!"

"அக்கா, அவர் செத்து நூறு வருசமிருக்கும்."

"அவ இன்னும் பேரில்லாமலெல்லோ கிடக்கிறா?"



அந்தக் காலத்துக் கதைகளும் அப்படித்தான் என்பார். அடங்கி நடந்தவளைக் கும்பிடுவார்களாம். இங்கிலீஷ் படித்தவள் என்றால் நாலு பக்கத்துக்குள் குடும்பத்தைக் கெடுத்துவிடுவாளாம்.

"பேரோடை பேப்பரிலை வரவேணுமெண்டால் ஒண்டில் கிணத்திலை விழவேணும், இல்லாட்டிக் கோட்டுக்குப் போகவேணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிக்கமாட்டார். "என்ர மரண அறிவித்தலிலை என்ர பேர்தான் முதல் வரவேணும். சொல்லிப்போட்டன்."

அதைக் கேட்டபடி கணவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

போன மாசியில் அக்கா போய்விட்டார். நம்மவர் மரண அறிவித்தல்களில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று ஆண்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அக்காவின் அறிவித்தலைப் பயத்தோடுதான் திறந்து பார்த்தேன்.

முதலிலேயே பெரிய எழுத்தில் அக்காவின் சொந்தப் பெயர், 'நாகபூசணி' என்று இருந்தது. கீழே, ஊர்ப்பிள்ளைகளை வளர்த்தவர், பழைய பத்திரிகைகளோடு சண்டை பிடித்தவர் என்று அவரைப் பற்றியே எழுதியிருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி: 'இவருக்கு ஒரு கணவரும் உண்டு.'

ரொக்ஸ்பரோவிலிருந்து கர்க்லாண்ட் வரை, சுற்றுவட்டாரத் தமிழ்ச் சனமெல்லாம் பதறியது. அச்சுப் பிழை என்று நினைத்து நானும் அக்காவின் கணவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கடை பேர் விடுபட்டுப்போச்சு. திருத்தச் சொல்லட்டோ?"

"பிழையில்லைத் தம்பி. நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான். அவ வாசிச்சிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா, என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அண்ணையின் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை. சரிதானே, நாகபூசணி அக்கா?