ரஷ்யாவுக்கு என்ன வேலை?

எங்கள் மாமல்லபுரத் தெருவில் 'ரஷ்யா'வைப் புரிந்துகொண்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் பேரைச் சொல்ல யாருக்கும் நாக்கு புரளவில்லை, அதனால் நாட்டின் பேரையே வைத்துவிட்டோம். பெரிய கணித மேதை என்றார்கள். பால் பாக்கெட் வாங்கப் புறப்பட்ட மேதை, ஏதோ யோசனையில் பஸ் ஏறி, செங்கல்பட்டு வரை போய், சாயங்காலம் தயிரோடு திரும்பினார்.

"ஏம்மா, பொழுதினிக்கும் செவுத்தயே பாத்துகினு கீறாரே, மெய்யாலுமே இவுருக்கு இன்னா வேலை?" என்று வீட்டுக்கார பாய் என்னைக் குடைவார். ரஷ்யா மாடியில், நானும் பாயும் கீழே ஆளுக்கொரு போர்ஷனில். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்கிற ஒரே பாவத்துக்காக நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஒருநாள் காலையில் போலீஸ் ஏட்டு ஒருவர் வெளிநாட்டுக்காரர்களுக்கான படிவத்தோடு வந்தார். அதை நிரப்பி ரஷ்யா கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டும்.

"தொழில்?"

"புரொபசர்னு போடுங்க சார்," என்றேன்.

ரஷ்யா மறுத்தார். அது சம்பளம் வாங்கிய பதவியாம், வேலை வேறாம். பதினாறு வயதில் பல்கலைக்கழகம், இருபத்தைந்தில் டாக்டர் பட்டம், அப்புறம் முப்பது வருஷம் ஒரே கேள்வி. கடைசியில், தேடிய பொருள் எங்கேயும் இல்லவே இல்லை என்று நிரூபித்தாராம். அதற்குத்தான் பரிசெல்லாம் கொடுத்தார்களாம்.

"இல்லாதத இல்லன்னு சொல்லவா முப்பது வருசம்? என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே!" என்றார் பாய்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏட்டு பெருமூச்சு விட்டு, 'கணக்கு' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவினார்.

"இங்க இவருக்குப் பொறுப்பு யாரு?"

"நாந்தான்," என்றார் பாய்.

"உறவு?"

பாய் படிவத்தை எட்டிப் பார்த்தார். "எனக்கு அண்ணன்னு போடு சார்."

நான் மொழிபெயர்த்ததும் ரஷ்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிரூபிக்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டாராம்! தங்கமான மனுஷன், ஒரு கையெழுத்துக்காகவா பெட்டியைக் கட்ட வேண்டும்?

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "போன மாசம் காச்சல்ல பொரண்டாரே, பக்கத்துல குந்திகினு கஞ்சி ஊட்டுனது யாருன்னு கேளும்மா!"

கேட்டேன். ரஷ்யா ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்; கையெழுத்துப் போட்டார்.

விசா முடிந்து அவர் போய் ஒரு வருஷமாகிறது. அவர் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் வெளியே ஓடுகிறேன். எனக்கு முன்னால் பாய் வந்து நிற்கிறார்.