தூண்டில் மீனும் ஜவுளிக்கடைப் பிரியாணியும்

இஷ்ரத் அனுப்பிய பொய் மெசேஜை நம்பி, இரண்டே நாளில் எழுபது பேர் பிரியாணிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

எத்திக்கல் ஹேக்கிங் படிக்கிற பிள்ளை. மாமா அப்துல் லத்தீப்பின் ஜவுளிக்கடையில் யாரெல்லாம் மோசடி மெசேஜுக்கு ஏமாறுகிறார்கள் என்று சோதிக்க, போன மாதமே அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டாள்; என்ன மெசேஜ், எப்போது வரும் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் சேர்ந்திருக்கும் மாணவர் குழு உருவாக்கி, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த ஒரு டூலில் மெசேஜைத் தயாரித்தாள். 'சிறந்த கடைப் பரிசு உங்களுக்கே! வெள்ளி மதியம் கடைக்கே பிரியாணி வரும். குடும்பத்துடன் வர, லிங்க்கில் பெயர் கொடுக்கவும்.'

சோதனை திருப்தி என்று மாமா கையெழுத்துப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை வண்டியூரில் நடக்கும் குழுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அவள் மேடையேறலாம்.

பெயர் கொடுத்தவுடன் 'ஏமாந்துவிட்டீர்கள்' என்று ஒரு பக்கம் வரும். அது ஆங்கிலத்தில் வந்தது, கூடவே தூண்டிலில் மாட்டிய மீன் படம். தமிழில் எழுதித் தருகிறேன் என்று குழுவில் கை தூக்கியவளே இஷ்ரத்தான். மறந்துபோனாள்.

"மீன் வறுவலும் உண்டாம்ல பாப்பா?" என்று சேல்ஸ்மேன் பாண்டியராஜன் வழிமறித்துக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு ஓடி, 'பிரியாணி கிடையாது, அது வெறும் சோதனை' என்று கடையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். மறு நிமிடமே கடை குரூப்பில் பாண்டியராஜனின் எச்சரிக்கை வந்தது. 'பாப்பா பேரில் எவனோ மோசடி செய்கிறான். யாரும் நம்ப வேண்டாம்.'

போன் போட்டாள். "அண்ணே, இஷ்ரத் பேசுறேன். நெசமாவே பிரியாணி கெடையாது."

"எங்க பாப்பா கொரல்லயே பேசுறியா? கொரலையும் கம்ப்யூட்டர்ல செய்வாய்ங்கன்னு பாப்பாவே எங்களுக்குக் கிளாஸ் எடுத்துருக்குடா. வைடா போன!"

மாமாவிடம் சொன்னால் கையெழுத்து போய்விடும். நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மதியம் கடை மாடிக்கு ஓடினாள். அங்கே பாய் விரித்து, புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அழாத குறையாக உண்மையைச் சொன்னாள்.

"அப்ப மீனு?" என்றார் பாண்டியராஜன்.

அந்த நேரம் பார்த்து, ஜும்மா தொழுகை முடிந்து லத்தீப் மாமா படியேறி வந்தார். விஷயம் கேட்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இம்புட்டுப் பேருமா ஏமாந்தீங்க? எனக்கும்தான் வந்துச்சு. பாத்தவுடனே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு!"

பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. முக்குக் கடைக்குப் போன் போட்டு எழுபது பேருக்குப் பிரியாணி சொன்னார். மாடியே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மாமா கொஞ்சம் மிதந்துவிட்டார்.

"ஆனா மொதல்ல ஏமாந்த ஆளு யாரோ, அவங்க கணக்குலதான் இந்த விருந்து!"

"யாரு பாப்பா அது?" பாண்டியராஜன் எட்டிப் பார்த்தார்.

இஷ்ரத் லேப்டாப்பைத் திறந்தாள். முதல் வரியைப் பார்த்தாள். மெல்ல மூடினாள்.

"ஏமாந்தவங்க பேரை வெளிய சொல்லக் கூடாதுண்ணே. அது எங்க குழு விதி."

"நல்ல விதி! ரொம்ப நல்ல விதி!" என்ற மாமா, அவள் நீட்டுவதற்கு முன்பே சோதனைக் காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது பட்டுப்புடவை சரசரக்க, நான்கு பிள்ளைகளோடு ஷாஹீதா மாமி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"என்னங்க, மெசேஜ் வந்த நிமிசமே மொத ஆளா நாந்தான் பேரு குடுத்தேன்னு அம்புட்டுப் பீத்துனீங்களே, நமக்கு எடம் எங்க போட்டுருக்கு?"